கூப்பன் அரிசியும் தோட்டத்து உயிர்களும்

1942இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசியும் நின்றுபோக, அவ்வாண்டே பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கூப்பனைக் கொடுத்தால் ஊர்ச் சங்கக்கடையில் கட்டுப்பாட்டு விலையில் அரிசி கிடைத்தது. 1953இல் ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டபோது ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

ஆயினும் கூப்பனின் பெறுமதியைக் கசப்பாக உணர்த்தியது 1974ஆம் ஆண்டே. உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, அந்நியச் செலாவணி வற்றியது, பங்கீடு குறைக்கப்பட்டது. அவ்வாண்டு நாட்டின் இறப்பு வீதம் உயர்ந்தது. ஆகக்கூடுதலாக உயர்ந்தது மலையகத் தோட்டங்களிலேதான்.

காரணம் எளிது. கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலோ, வளவில் ஒரு பலாமரமோ இருந்தது. லயத்தில் வாழ்ந்தவருக்குச் சொந்த நிலமில்லை. பங்கீட்டு மாவும் அரிசியுமே அவர்களது உணவு. அது குறைந்தபோது வெளிச்சந்தை விலை தோட்டக் கூலிக்கு எட்டவில்லை.

1979இல் பங்கீட்டின் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது. விலைவாசி ஏற ஏற, முத்திரையில் அச்சிட்ட ரூபாயின் பெறுமதி கரைந்தது.

2022 நெருக்கடியின்போதும், உணவுப் பாதுகாப்பின்மை மிகுந்த பகுதியாக ஐ.நா. அமைப்புகள் கண்டது தோட்டத்துறையையே. பஞ்சம் நாடு முழுவதற்கும் வரலாம். ஆனால் அது முதலில் நுழைவது, நிலமும் இல்லாத, கடை விலையும் எட்டாத வீட்டுக்குள்தான்.