காவல் நிலையத்து மௌனம்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்வோர் அடிவாரத்தைத் தாண்டித்தான் மலையேற வேண்டும். மேலே இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளைவுகளின் கீழே பள்ளத்தில் ஒரு சடலம் கிடக்கிறதென்ற செய்தி வந்துவிட்டால், ஆய்வாளர் வந்து சேருமுன்னரே தேநீர்க் கடைகளில் கொலையாளி யார், காரணம் என்ன என்பதெல்லாம் முடிவாகிவிடும். காவல் நிலையத்தில் கேட்டாலோ, "விசாரணை நடக்கிறது" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைப்பதில்லை. ஊரெல்லாம் பேச, உறவினர் மட்டும் பிணவறை வாசலில் ஒன்றும் அறியாது நிற்பர். மையித்தை விரைந்து நல்லடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட நம் குடும்பங்களுக்கு இக்காத்திருப்பு இரட்டைத் துயரம். இந்த மௌனம் எங்கிருந்து வந்தது?

அதற்கு நாம் நம் சென்னை மாகாணத்தின் பழைய கதை ஒன்றை நினைவுகூர வேண்டும். வரி வசூலும் காவலும் ஒரே கைகளில் இருந்த காலம் அது. வரி கட்டாதவன் விரல்களையும், திருடியதாக ஐயுறப்பட்டவன் விரல்களையும் ஒரே கிட்டிதான் நெரித்தது. வலி பொறுக்காது சொன்னதெல்லாம் ஒப்புதல் வாக்குமூலம் ஆயிற்று. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட குழு இக்கொடுமைகளை விசாரித்து 1855-இல் அறிக்கை அளித்தது. அதன்பின் 1859-இல் மாகாணத்திற்கென ஒரு தனிக் காவல்துறை சட்டப்படி அமைக்கப்பட்டது. காவலரிடம் தரும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதி 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872-இன் சாட்சியச் சட்டத்திலும் நிலைபெற்றது.

ஒரே ஒரு விலக்கு வைத்தார்கள். எதிரி சொன்ன சொல்லைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தச் சொல்லின் அவ்வளவு பகுதி மட்டும் சாட்சியமாகும். இதுவே புகழ்பெற்ற 27-ஆம் பிரிவு. குண்டூர்ப் பகுதியில் எழுந்த புலுக்குரி கோட்டய்யா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் இதன் எல்லையை வரையறுத்தது. கத்தியைக் கண்டெடுத்தது மட்டுமன்று, அது எங்கே இருந்தது என்பதை எதிரி அறிந்திருந்தான் என்பதே அங்கு மெய்ப்பிக்கப்படும் செய்தி. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது.

மௌனத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கத்தி எந்தப் பாறை இடுக்கில் கிடக்கிறது, உடலில் காயம் எங்கே பட்டது என்பதைக் கொன்றவன் ஒருவனே அறிந்திருக்கும் வரைதான் அவன் அறிவு அவனுக்கெதிராகப் பேசும். நாளிதழில் வந்துவிட்டால், "நானும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்" என்று அவன் சொல்லலாம். அதை மறுக்க வழியில்லை.

சில வேளைகளில் காவலருக்கே விடை தெரியாது என்பதையும் நாம் மறக்கலாகாது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், உள்ளுறுப்புகளை இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத் தம் முடிவை நிறுத்தி வைப்பார். இதற்கான இரசாயனப் பரிசோதகர் பதவி சென்னையில் 1849-லேயே ஏற்பட்டது; அன்றும் இன்றும் ஆய்வு முடிவுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். மாலைக்குப் பின்னரும் பிரேதப் பரிசோதனை செய்யலாமென்று மத்திய அரசு 2021-இல் அனுமதித்தபோதும், கொலை, தற்கொலை, ஐயத்திற்குரிய மரணம் ஆகியவற்றைப் பொதுவாக அதிலிருந்து விலக்கியே வைத்தது.

சேர்வராயன் மலைக்கு மேற்கே உள்ள ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் ஒருவரின் உடல், 2015 ஜூன் மாதம் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. முதற்பார்வைக்குத் தற்கொலை. காவல்துறை தேடிய முதன்மை எதிரியோ தலைமறைவாக இருந்தபடியே ஒலிப்பதிவுகளை வெளியிட்டார். தொலைக்காட்சிக்குப் பேட்டியும் தந்தார். பேச்செல்லாம் அவர் பக்கமே இருந்தது. விசாரணையில் முக்கிய சாட்சி பிறழ்ந்தார். எனினும் திருச்செங்கோட்டுக் கோயிலின் கேமராப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரைத் தனி நீதிமன்றம் பதின்மருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மறு ஆண்டு உயர்நீதிமன்றம் அவர்களுள் எண்மரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்து, மற்ற இருவரின் தண்டனையைக் குறைத்தது. நீதிமன்றத்தில் எல்லோரும் அறிய நின்ற சாட்சிக்கே இந்நிலை என்றால், விசாரணைக் காலத்திலேயே சாட்சியின் பெயர் தெருவுக்கு வந்தால் என்னாகும்?

ஆயினும் இம்மௌனத்துக்கு வேலி உண்டு. பிரேத விசாரணை, அக்கம்பக்கத்துப் பெரியோர் இருவரேனும் முன்னிலையில் நடந்து அவர்கள் கையொப்பம் பெற வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் அளித்தவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். புலனாய்வு எந்த அளவில் இருக்கிறதென்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் அவருக்கோ பாதிக்கப்பட்டோருக்கோ தெரிவிக்குமாறு புதிய சட்டம் பணிக்கிறது. கோட்டய்யா வழக்கிலும், சாட்சிகளின் முதல் வாக்குமூலங்களை எதிரிகளுக்கு உரிய வேளையில் தராதது விதிமீறலே என்று பிரிவி கவுன்சில் கூறியது. அதற்காக விசாரணையே செல்லாது என்று சொல்லவில்லை என்பது நமக்கு இன்றும் நெருடுகிறது. மரணம் காவலிலேயே நேர்ந்துவிட்டாலோ, 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும். அங்கே காவலர் காக்கும் மௌனத்துக்கு மேற்சொன்ன நியாயம் எதுவும் பொருந்தாது.

ஆகவே அடிவாரத்திலோ வேறெங்கோ நம்மவர் ஒருவர் பிணவறை வாசலில் நிற்க நேர்ந்தால், "யார் செய்தது?" என்று அன்றே கேட்பதில் பயனில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்கட்டும்; பிரேத விசாரணையில் கையொப்பமிட்டவர் யாரென்று கேட்கட்டும்; உள்ளுறுப்புகள் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும்.