மார்செய் நகரின் சாய்வெழுத்து

அச்சிலே சாய்ந்த எழுத்துத் தோன்றியது விளம்பரத்தின் பொருட்டு அன்று. 1501ஆம் ஆண்டில் வெனிஸ் நகர அச்சகத்தார் ஆல்டஸ் மனூஷியஸ், வெர்ஜிலின் காவியங்களைச் சிறு நூலாக வெளியிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய மெல்லிய சாய்வெழுத்தைக் கையாண்டார். அறிஞர்தம் கையெழுத்தின் சாயலுடைய அவ்வெழுத்து, அமைதியாக அமர்ந்து படிப்போருக்கு உரியதாயிருந்தது. நான்கரை நூற்றாண்டுகள் கழிந்தபின், பிரான்ஸ் தேசத்திலே அச்சாய்வு வேறொரு பணியை ஏற்றது. தெருவிற் செல்வோரின் கண்ணை ஒரு நொடியிற் கவர்வதே அப்பணி.

பாரிஸ் நகரில் டெபேர்ணி பெய்ஞோ என்னும் பெரும் எழுத்து வார்ப்பகம் புகழுடன் விளங்கிய காலம் அது. தெற்கே துறைமுகப் பட்டினமாகிய மார்செயில் இருந்த ஒலீவ் வார்ப்பகம் அதற்கு ஈடுகொடுக்க விழைந்தது. அதன் எழுத்துகளை வரைந்தவர் 1910இல் மார்செயிற் பிறந்த ரொஜே எக்ஸ்கொஃபோன். சட்டம் பயின்று, பின்னர் ஓவியத்தை நாடிச் சென்றவர் அவர்.

1951இல் அவர் அளித்த எழுத்தே "பாங்கோ". அதில் உள்ளவை பெரிய எழுத்துகள் மட்டுமே. ஒவ்வொரு கோடும் மேலே அகன்று, கீழே குறுகி, சற்றே சாய்ந்து நிற்கும். தடித்த உலோகப் பட்டையை வெட்டி வளைத்தாற் போன்ற தோற்றம் அதற்குண்டு. நீண்ட பந்தியை அதிற் கோத்தால் கண் களைத்துப்போம். ஒரு சொல்லை, ஒரு கடையின் பெயரை எழுதினாலோ, தொலைவிலிருந்தே அது புலப்படும். போருக்குப் பின் புத்துயிர் பெற்ற பிரெஞ்சுக் கடைவீதிகளிலே பெயர்ப்பலகைகளும் விளம்பரத்தாள்களும் அதனை விரும்பி ஏற்றன.

அவ்வெற்றியே அதற்கு ஊறும் விளைத்தது. எங்கும் காணப்பட்ட எழுத்து, மலிந்த எழுத்தாகக் கருதப்படலாயிற்று. 1957இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகம், பின்னாளில் ஹெல்வெற்றிக்கா எனப் பெயர்பெற்ற எழுத்தை வெளியிட்டது. ஆரவாரமற்ற நேரெழுத்தே நாகரிகம் என்னும் கருத்து ஓங்கியது. எக்ஸ்கொஃபோனும் 1960களில் "அன்றிக் ஒலீவ்" என்னும் நேரெழுத்தை ஆக்கினார். எனினும் காலவெள்ளம் நிற்கவில்லை. 1972இல் டெபேர்ணி பெய்ஞோவும், 1978இல் ஒலீவும் ஹாஸ் வார்ப்பகத்தின் கைக்கு மாறின. ஒன்றோடொன்று போட்டியிட்ட இரு பிரெஞ்சு வார்ப்பகங்களும் ஈற்றில் ஒரே சுவிஸ் நிறுவனத்துள் அடங்கின. எக்ஸ்கொஃபோன் 1983இற் காலமானார்.

ஆயினும் பாங்கோ மறையவில்லை. 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய "திராஷர்" என்னும் சறுக்குப்பலகை விளையாட்டுச் சஞ்சிகை, தன் பெயரை அவ்வெழுத்திலேயே பொறித்தது. வேகத்தையும் துணிவையும் போற்றிய இளைஞர், ரொட்டிக்கடைப் பலகைக்கு உரியதென ஒதுக்கப்பட்ட எழுத்திலே தம் இயல்பைக் கண்டனர். 1997இல் பில் கிரிம்ஷோ அதற்கு மெல்லிய வடிவமொன்றையும் சேர்த்தார்.

நூலுக்கு ஏற்ற எழுத்து வேறு, பலகைக்கு ஏற்ற எழுத்து வேறு. ஒன்றன் அளவுகோலால் மற்றதை அளந்தமையாலேயே பாங்கோ பழிக்கப்பட்டது. அதனை வார்த்த வார்ப்பகம் மறைந்தும், அவ்வெழுத்து இன்றும் தொலைவிலிருந்தே கண்ணை அழைக்கின்றது.