சுமங்கலித் திட்டம்

மணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியிலேயே தங்கவைத்து வேலை வாங்கிய முறைக்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் இது பரவியிருந்தது. பெயரைக் கேட்டால் அரசுத் திட்டம் போலத் தோன்றும். நடத்தியவை தனியார் ஆலைகள். மாங்கல்யத் திட்டம், கேம்ப் கூலி என்ற பெயர்களும் உண்டு.

வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தென்மாவட்டங்களின் நிலமற்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தலித் பெண்கள் அதிகம். ஊருக்கு வரும் ஏஜெண்ட் பெற்றோரிடம் பேசி முடிப்பார். மூன்று ஆண்டுகள் முடிந்ததும் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், பெண்ணின் வரதட்சணைக்கும் கல்யாணச் செலவுக்கும் ஆகும் என்பது பேச்சு. வரதட்சணை 1961 முதலே சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்துக்கான சேமிப்பையே இத்திட்டம் வெளிப்படையாகத் தன் கவர்ச்சியாக வைத்திருந்தது.

அந்தத் தொகை ஆலை தரும் அன்பளிப்பு அல்ல. மாதாமாதம் குறைத்துக் கொடுத்த கூலியின் திரட்சி. இடையில் நோயுற்று ஊர் திரும்பியவர்கள் பலருக்கு அது கிடைக்கவில்லை. எனவே மூன்றாம் ஆண்டை நெருங்க நெருங்க, வேலையை விடுவது மேலும் கடினமாயிற்று. வேலையிடமும் எளிதானதல்ல. நூல் அறுந்துவிடாமல் இருக்க நூற்புக்கூடத்தில் ஈரப்பதம் காப்பார்கள். சன்னல்கள் மூடியே இருக்கும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இத்தொழிலின் பழைய துணை. சைடர் வேலையில் இருப்பவர் ஷிஃப்ட் முழுவதும் எந்திர வரிசையைச் சுற்றி நடந்தபடியே அறுந்த இழைகளைப் பிணைக்க வேண்டும். விடுதியைவிட்டுத் தனியே வெளியே போவதற்கும் வீட்டோடு போனில் பேசுவதற்கும் கட்டுப்பாடு இருந்தது. பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பெற்றோரே அதை விரும்பினர் என்று ஆலைகள் சொன்னதில் பாதி உண்மை உண்டு. காவலுக்குப் பெற்றோர் சம்மதித்தார்கள் என்பதாலேயே கூலியை நிறுத்திவைக்கப் பெண் சம்மதித்தாள் என்று ஆகிவிடாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருந்தது. கூலி கணக்கிடும் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது என்றது 1936-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டம். ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் இன்னும் ஒரு படி மேலே போனது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வேண்டிய நிலையே அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு, பசியும் வறுமையும்கூடக் கட்டாயமே. ஆலைகளோ இதற்குத் தப்ப, இப்பெண்களைத் தொழில் பழகுநர் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டன.

நூல் ஆலையிலிருந்து பின்னலுக்கும், சாயத்துக்கும், தையலுக்கும் போய்ப் பிறகுதான் கப்பலேறுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் பெரும்பாலும் தையல்கூடத்தோடு நின்றுவிட்டார்கள். பல ஆலைகளின் நூல் ஒரே துணியில் கலப்பதால் எங்கள் சட்டையில் இந்த ஆலையின் நூல் இல்லை என்று அந்த நிறுவனங்களால் சொல்லிவிடவும் முடிந்தது. நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனமும் நெதர்லாந்து இந்தியக் குழுவும் 2011-இலும் 2014-இலும் வெளியிட்ட அறிக்கைகள் இந்தச் சங்கிலியைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்று ஆலைகளைக் காட்டின. நேரடி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், தன் வணிக உறவுகளின் வழியே நேரும் தீங்கைத் தடுக்க முயல்வது நிறுவனத்தின் பொறுப்பு என்று ஐ.நா. வழிகாட்டுக் கொள்கைகள் சொன்னதும் 2011-இல்தான்.

கொள்கை ஒப்பந்தமாக மாறியது திண்டுக்கல்லில். ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றின் தலித் பெண் தொழிலாளி 2021 சனவரியில் கொல்லப்பட்டார். அதை அடுத்து, தலித் பெண்கள் தலைமை வகிக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022 ஏப்ரலில், ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. ஆடை வாங்கும் நிறுவனங்களில் எச் அண்ட் எம் முதலில் கையெழுத்திட்டது. பின்னர் கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன. தையலாலையோடு நூற்பாலையும் இதில் அடங்கியது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்வானார்கள். ஆலை ஒப்பந்த விதியை மீறினால் வாங்கும் நிறுவனம் வணிக நடவடிக்கை எடுத்தாக வேண்டியிருந்தது. தணிக்கையாளரின் ஒருநாள் வருகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

சுமங்கலி என்ற பெயர் விளம்பரங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. விடுதிகள் இருக்கின்றன, அவற்றில் இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் பெண்களும் தங்குகிறார்கள்.