அஸ்ட்ரோலேபும் ‘மரியம்’ எண்ட பெயரும்

மகளிர் தினம் நெருங்கினால் ஃபேஸ்புக்கில் ஒரு படம் சுற்றத் தொடங்கும். முக்காடு போட்ட ஒரு பெண், கையில் பித்தளை வட்டத்தட்டு. கீழே, ‘அஸ்ட்ரோலேபைக் கண்டுபிடித்த மரியம், ஜீபிஎஸ்ஸின் தாய்’ எண்டு எழுதியிருக்கும். வேறு சில பக்கங்களில் அதே பட்டம் அலெக்சாந்திரியாவின் ஹைபேஷியாவுக்குப் போகும்.

முதலில் அந்தத் தட்டு என்ன செய்யும் எண்டு பாப்பம். வளைந்த வானத்தைத் தட்டையான உலோகத்தில் விரித்து வைச்சதுதான் அஸ்ட்ரோலேப். வெளிவட்டத்துக்குள்ள ஒரு தகடு இருக்கும்; அதில் அடிவானமும் உயரக் கோடுகளும் கீறியிருக்கும். அதற்கு மேல், சல்லடை மாதிரி வெட்டின இன்னொரு தகடு சுழலும். அதன் கூர்முனை ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம். பின்பக்கச் சட்டத்தால் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்குது எண்டு அளந்து, முன்பக்கத்தை அதற்கேற்பத் திருப்பினால் நேரம் தெரியும். இரவில் நட்சத்திரத்தை வைச்சு இதே கணக்கு. தொழுகை நேரம், சூரிய உதயம், கோபுரத்தின் உயரம் எல்லாம் பாக்கலாம். சாதகமும் கணிக்கலாம். அரசவைகள் இதற்குக் காசு செலவழித்ததில் சோதிடத்துக்குப் பெரிய பங்குண்டு; விஞ்ஞானப் பெருமை பேசுற பதிவுகள் இதை மெல்லமாக விட்டுவிடும்.

உள்ளே இருக்கிற தகடு ஒரு அகலக்கோட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். பக்தாத் 33 பாகை வடக்கு, யாழ்ப்பாணம் 10 பாகைக்கும் குறைவு. பக்தாத்தில் தலையை நிமிர்த்திப் பாக்கிற வடமீனை இஞ்ச கடற்கரையில் நிண்டு அடிவானத்துக்குக் கிட்டத்தான் தேடவேணும். அதனால ஒரே கருவிக்குள்ள பல ஊர்த் தகடுகளை அடுக்கி வைப்பார்கள். நேரம் கேக்க முதல், எந்த ஊரில் நிக்கிறம் எண்டு நாங்கள்தான் அதற்குச் சொல்லவேணும். ஜீபிஎஸ் செய்யிற வேலைக்கு இது கிட்டத்தட்ட நேரெதிர்.

இனி ‘கண்டுபிடித்தவர்’ கதை. கோளத்தைத் தட்டையாக்கும் கணிதம் 2ஆம் நூற்றாண்டில் தொலமியின் நூலிலேயே இருக்கு. 4ஆம் நூற்றாண்டில் ஹைபேஷியாவின் தகப்பன் தியோன் இந்தக் கருவி பற்றி எழுதினார். அந்த நூல் தொலைந்துபோச்சு. ஹைபேஷியாவின் மாணவர் சினேசியஸ், தான் வடிவமைத்த ஒரு வானியல் கருவிக்கு அவரின் போதனை உதவியதாகக் கடிதத்தில் சொல்கிறார். 6ஆம் நூற்றாண்டில் பிலோபோனஸ் கிரேக்கத்தில் எழுதினார், 7ஆம் நூற்றாண்டில் செவெரஸ் செபோக்த் சிரியாக்கில் எழுதினார். பிறகு அரபு உலகம். திகதி பொறித்து எஞ்சியிருப்பதில் மிகப் பழையது நஸ்தூலஸ் செய்தது: ஹிஜ்ரி 315, அதாவது கி.பி. 927–28. இப்ப அது குவைத்தில்.

அப்ப மரியம்? பக்தாத்தின் புத்தக வியாபாரி இப்னு அந்-நதீம் 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொகுத்த ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ நூலில், கருவி செய்பவர்களின் பட்டியலில், ‘அல்-இஜ்லியா’ எண்டு ஒரு பெண் வருகிறார். அல்-இஜ்லியின் மகள், தகப்பன் படித்த அதே ஆசானிடம் படித்தவர், அலெப்போவை ஆண்ட சைஃப் அத்-தவ்லாவிடம் இருந்தவர். அவ்வளவுதான். அவர் செய்த கருவி ஒண்டும் மிஞ்சவில்லை. ‘மரியம்’ எண்ட பெயரும் அந்த வரியில் இல்லை. ‘அல்-இஜ்லியா’ கூட குலப்பெயர்தான்.

எங்களுக்கு அந்த ஒற்றை வரி, ‘ஜீபிஎஸ்ஸின் தாய்’ பட்டத்தைவிடப் பெரிசாகத் தெரியுது. பட்டம் அவரைத் தனியாக நிற்கிற அதிசயமாக்கிவிடுது. பட்டியலோ அவரைத் தொழில் தெரிந்த ஆக்களோட, ஒரு தொழிலாளியாக எழுதிவைச்சிருக்கு. பித்தளையை அளந்து, கீறி, அராவி வேலை பழகியவர். அந்த வேலைக்காக ஆட்சியாளனிடம் இருந்தவர். பெண்ணின் கைவேலையை வரலாற்றில் ஏற்றுறதுக்கு அவர் எதையாவது ‘முதலில்’ கண்டுபிடிச்சிருக்க வேணுமா?

ஆண்களிடம் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. முகலாயர் காலத்து லாகூரில் அல்லாஹ்தாதின் குடும்பம் நாலு தலைமுறையாக அஸ்ட்ரோலேப் செய்தது. பேரனின் மகன் ஸியாஉத்தீன் முஹம்மத், கருவியில் தன் பெயரோடு தகப்பன், பேரன், பூட்டன் வரை பொறித்தார். ஆரும் எதையும் கண்டுபிடிச்சதாக உரிமை கோரவில்லை. நல்ல வேலைக்காரர் எண்டே அருங்காட்சியகங்கள் அவர்களைக் கொண்டாடுது. அந்தப் பரம்பரைப் பொறிப்பில் மகள்மாரின் பெயர் ஒண்டும் கிடையாது.

1990இல் கண்டறியப்பட்ட 7060ஆம் இலக்கச் சிறுகோளுக்கு அல்-இஜ்லியா எண்டு பெயர் வைச்சிருக்கிறார்கள். மரியம் எண்ட ஒட்டு அதில் இல்லை.