ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கை

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கை 1951 ஆம் ஆண்டு புது தில்லியில் இடம்பெற்ற முதலாவது போட்டிகளிலிருந்து பங்குபற்றி வருகிறது. 1972 வரை இந்நாடு 'சிலோன்' என்ற பெயரில் போட்டியிட்டது.

இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுக் கொடுத்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் ஆவார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான இவர், 1958 டோக்கியோ போட்டிகளில் உயரம் பாய்தலில் வெற்றி பெற்றார். 1962 இல் ஜகார்த்தாவில் அதே போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

இலங்கையின் தங்கப் பதக்கங்களுட் பெரும்பாலானவை தடகளத்திலேயே கிடைத்தன. 1998 பாங்கொக் போட்டிகளில் சுகத் திலகரத்ன 400 மீற்றர் ஓட்டத்திலும், தமயந்தி தர்சா பெண்களுக்கான 200, 400 மீற்றர் ஓட்டங்களிலும் தங்கம் வென்றனர். 2002 இல் பூசானில் சுசந்திகா ஜயசிங்க 100 மீற்றர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றார்.

இதன் பின்னர் நீண்ட பின்னடைவு ஏற்பட்டது. 2014 இஞ்சியோனில் ஆண்கள் துடுப்பாட்ட அணி தங்கம் வென்றபோதும், 2010, 2018 ஆகிய ஆண்டுகளில் எந்தப் பதக்கமும் கிடைக்கவில்லை. கோவிட்-19 பெருந்தொற்றினால் பிற்போடப்பட்டு 2023 இல் காங்சூவில் நடைபெற்ற 2022 ஆம் ஆண்டுப் போட்டிகளில், தருசி கருணாரத்ன பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இது 21 ஆண்டுகளுக்குப் பின் தடகளத்தில் இலங்கை பெற்ற தங்கமாகும். அப்போட்டிகளில் இலங்கை ஒரு தங்கம், இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலம் என ஐந்து பதக்கங்களைப் பெற்றது.