பாதை கடந்த வண்டிகள்

மகள் ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். திருகோணமலை லிங்கநகர் வீட்டிலிருந்து விடியமுன் வெளிக்கிட்டு, கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூரையும் தாண்டிப் போகவேண்டும். இவ்வளவு காலமும் நாலு ரீச்சர்மார் சேர்ந்து ஒரு வான் பிடித்துப் போய் வந்தார்கள். இப்போது சொந்தமாகச் சின்ன ஜீப் ஒன்று எடுக்கப் போகிறாள். "எதை நம்பி எடுக்கலாம், நீங்களே சொல்லுங்கோ அப்பா" என்றாள். நாற்பது வருஷம் கராஜ் குழிக்குள் கழித்தவன் நான். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு எழும்பிப் போயிருக்கலாம். வாய் வரவில்லை. திருகோணமலையில் ஒரு வண்டியை நம்புவது என்பது என் அப்பாவின் காலத்தில் ஒன்றாகவும், என் காலத்தில் இன்னொன்றாகவும் இருந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் அவளுக்கு எதையும் தெரிந்தெடுத்துக் கொடுக்க என்னால் முடியவில்லை.

முதலில் அந்த "ஜீப்" என்ற சொல். நிலத்திலிருந்து கொஞ்சம் உயர்ந்து நிற்கிற எந்தக் காரும் எங்களுக்கு ஜீப்தான். ஜப்பான்காரன் என்ன பெயர் வைத்தாலும் சரி. இரண்டாம் உலகப் போரில் எங்கள் துறைமுகம் பிரித்தானியரின் கடற்படைத் தளம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. அந்தப் போர்க்காலத்து ஜீப்பையும், பிறகு 1948இல் பிறந்த லாண்ட்ரோவரையும் எங்கள் ஆட்கள் வெளியில் நின்றுதான் பார்த்தார்கள். 1957 ஒக்டோபரில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனான். ஜீப் என்ற சொல் ஊரிலே தங்கிவிட்டது. அந்த வண்டி அரசாங்கத்திடம் இருந்தது. சனத்திடம் இருந்தது கார்.

அப்பா ஓடியது 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சமர்செட். "ஏ போட்டி" என்றால்தான் ஆட்களுக்கு விளங்கும். 1200 சிசி எஞ்சின், உருண்ட முதுகு, கறுப்பு நிறம். 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள "ஸ்ரீ" வந்ததும் தமிழரசுக் கட்சி தமிழ் "ஸ்ரீ" எழுதிப் போராடியது. அந்த வருஷம் பெப்ரவரி 4ஆம் திகதி இதே நகரில் கறுப்புக் கொடி ஏற்றப்போன நடராசன் சுடப்பட்டுச் செத்துப்போனார். அப்பா கார் தேடிய காலம் அதற்குப் பிறகு. ஆங்கில எழுத்துத் தகடு உள்ள பழைய கார்தான் வேணும் என்று அலைந்து வாங்கினார். எஞ்சினைக்கூட அவர் இரண்டாவதாகத்தான் பார்த்தார்.

அவர் ஹயர் ஓடியது அதிகமும் தெற்கே, மட்டக்களப்பு வீதியில். அந்த வீதியில் ஓடுவதென்றால் பாதை கடக்கவேண்டும். வெளியூர் ஆட்களுக்குப் பாதை என்றால் தெரு. எங்களுக்கு அது ஆற்றின் குறுக்கே வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று வெருகல் வரைக்குமே ஐந்து. ஒவ்வொன்றிலும் காத்திருந்து, ஏறி, இறங்கவேண்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற இடம் அது. மாரியில் தண்ணீர் பெருகினால் பாதை நின்றுவிடும். அக்கரையில் அகப்பட்டவர் கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை என்று காட்டு வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும்.

நான் ஏழெட்டு வயதில் அப்பாவோடு கிண்ணியாத் துறையடிக்குப் போயிருக்கிறேன். கரைக்கும் மிதவைக்கும் நடுவே இரண்டு பலகை. சில்லு இரண்டும் அந்தப் பலகையில் நேராக ஏறவேண்டும். அப்பா ஆட்களை இறக்கிவிடுவார். என்னை மட்டும் முன் சீட்டில் இருக்கவிடுவார். முன் சில்லு ஏறி, கார் மூக்கை மேலே தூக்கும்போது பின்னால் 'கிரீச்' என்று ஒரு சத்தம் கேட்கும். புகைக்குழாய் பலகையில் உரசுகிற சத்தம். அந்த உரசலில் இரண்டு தரம் குழாய் கழன்று ஆற்றுக்குள் போனது. அதற்குப் பிறகு கராஜில் கொடுத்துப் பின்வில்லுக்கு ஒரு தகடு கூடப் போட்டுக் காரின் பின்பக்கத்தை உயர்த்தினார். ஆட்கள் இல்லாமல் ஓடும்போது கார் குதிரை மாதிரித் துள்ளும். பாதையில் உரசவே உரசாது. நிலத்துக்கும் வண்டியின் அடிக்கும் இடையில் உள்ள உயரத்தை இன்று எல்லாரும் மில்லிமீற்றரில் பேசுகிறார்கள். நான் அதைப் படித்தது அந்தப் பலகையில்.

அதே காலத்துக் காரான மொறிஸ் மைனரின் அடி நிலத்திலிருந்து ஏறத்தாழ ஆறேமுக்கால் அங்குலம், அதாவது 171 மில்லிமீற்றர். இன்று ஜீப் என்று விற்கிற டொயோட்டா ரைஸின் உயரம் 185 மில்லிமீற்றர். எழுபது வருஷத்தில் கூடியது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம் என்று மகளுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன்.

அந்தப் பழைய கார்கள் இங்கே இவ்வளவு காலம் உயிரோடு இருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி இல்லையென்று இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். 1970க்குப் பிறகு இன்னும் இறுக்கினார்கள். புதுக் கார் வராது என்றால் இருக்கிற காரைச் சாகவிட முடியாது. கராஜில் ரப்பர் புஷ்ஷை வெட்டிச் செய்தோம், பழைய லொறிச் சாமானைக் காருக்குக் கடைந்து பொருத்தினோம். என் தொழில் அப்படிப் பிறந்ததுதான். 1991இல் நாட்டின் தெற்கே மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்ய ஒரு நிறுவனம் தொடங்கியது என்றால், அந்தக் கைகள் எங்கே பழகின என்று யோசியுங்கள்.

ஏ40இன் அருமையை யுத்தம்தான் முழுதாகக் காட்டியது. 1990க்குப் பிறகு வடக்கில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏ40களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அளவு. காபரேற்றர் வழியாக எரிபொருள் போகிறது. கொஞ்சம் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் ஓடும். புகை கக்கும், முட்டும், ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இன்றைய எஞ்சினில் இதை நினைக்கவும் முடியாது. அங்கே ஓடிய ஒவ்வொரு காரையும் ஓடவைத்த மெக்கானிக்மாரை நான் கும்பிடுகிறேன். நம்பகம் என்ற சொல் எந்த விளம்பரத்தையும் விட அவர்களுக்குத்தான் பொருந்தும்.

எங்கள் பக்கத்தில் அந்த வருஷங்களில் கார் எவருக்கும் பெரிய கவலையாக இருக்கவில்லை. தெற்கு வீதி மூடியும் திறந்தும் கிடந்தது. ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்துச் சனத்துக்கு உழவு மெசின்தான் பிள்ளைப்பேறு வண்டி, பிரேத வண்டி, இடம்பெயர்கிற வண்டி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களின் வெள்ளை லாண்ட்குரூசர்கள் வரிசையாக வந்தன. நாலு சில்லும் இழுக்கிற வண்டி சேற்றில் எப்படிப் போகும் என்று எங்கள் இளம் சாரதிகள் பலர் அப்போதுதான் கைப்படப் பழகினார்கள்.

சின்ன ஜீப் என்ற வகை அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1988இல் சுசுகி எஸ்குடோவை வெளியிட்டது, பிற நாடுகளில் அதற்கு விற்றாரா என்று பெயர். காரின் அளவு, உள்ளே லொறியைப்போல ஏணிச் சட்டம். 1994இல் டொயோட்டா ராவ்4ஐ கார் உடம்பிலேயே கட்டியது. இன்று ஓடுகிற சின்ன ஜீப்புகளில் மிகப் பெரும்பாலானவை ராவ்4இன் வழியில் வந்தவை. 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு ஜப்பானில் ஓடிய வண்டிகள் ரீகண்டிஷன் என்ற பெயரில் நாட்டை நிறைத்தன. அந்த வெள்ளத்தில் நானும் இறங்கினேன்.

கொழும்பில் ஒரு விற்பனை நிலையத்தில் பழைய எஸ்குடோ ஒன்றை வாங்கினேன். எஞ்சின் தேன்போல. பெயின்ற் கண்ணாடி. அடியில் கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தார்கள். கவனமான ஆட்கள் என்று எண்ணி மனம் நிறைந்து காசைக் கட்டினேன். ஒன்றரை வருஷம் கழித்து வாடை தொடங்கமுன் அடியைக் கழுவக் குழிக்கு மேல் ஏற்றினேன். பின் சில்லுக்குச் சற்று முன்னால், சட்டம் வளைகிற இடத்தில், பூச்சு கொப்புளம் போட்டிருந்தது. ஸ்குரூ டிரைவர் நுனியால் மெல்லக் குத்தினேன். இரும்பில் குத்திய சத்தம் வரவில்லை. நனைந்த மட்டைக்குள் போவதுபோல் முழு நுனியும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது செம்மண் நிறத்தில் கறள் துகள் கொட்டியது. கையில் பிடித்துப் பார்த்தேன், செதில் செதிலாக இருந்தது. பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிற ஊரில் ஓடிய வண்டி. அந்த உப்பை மூடி மறைத்து எனக்கு விற்றிருக்கிறார்கள். அதற்கு மேல் எங்கள் கடல் உப்பு. முழுநாள் தொழிலாக இதையே பார்ப்பவன், சொந்த வண்டியில் தவறவிட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

திருகோணமலையை உப்பு சுற்றி நிற்கிறது. ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். வாடை அடித்தால் காலையில் கார் கண்ணாடியில் விரலால் கோடு இழுக்கலாம், நாக்கில் வைத்தால் கரிக்கும். அப்பா ஐப்பசி பிறந்தால் மீன் எண்ணெய் வாங்கிவந்து காரின் அடியில் தூரிகையால் பூசுவார். ஒரு கிழமைக்கு வீட்டில் எவரும் அந்தப் பக்கம் போகமாட்டோம், அவ்வளவு நாற்றம். அந்த ஏ போட்டியின் அடித்தட்டு கடைசிவரை ஓட்டை விழவில்லை.

2009 ஒக்டோபர் 20ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர். அடுத்த சில வருஷங்களில் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. துறையடியில் காத்திருப்பு முடிந்தது. உண்மையைச் சொன்னால், ஜீப் தேவைப்பட்ட காலத்தில் எங்களிடம் ஜீப் இல்லை. காப்பெற் வீதி வந்த பிறகுதான் எல்லாரும் ஜீப் வாங்கினோம். 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த ஹொண்டா வெசல் இங்கே கல்யாண வீடுகளில் வரிசையாக நின்றது. 2014இல் அதன் இரட்டைக் கிளச் கியர்பெட்டிக்கான மென்பொருளைத் திருத்த ஹொண்டாவே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வாங்குகிறவர் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று வண்டியின் செஸி இலக்கத்தைக் கொடுத்துக் கேட்கவேண்டும். ஹைபிரிட் பட்டரிக்குக் காற்று இழுக்கிற வாய் ஒன்று இருக்கும், பல வண்டிகளில் பின் சீட்டுப் பக்கம். எங்கள் கச்சான் காலப் புழுதியில் அதன் வலை அடைபட்டுப் பட்டரி வெந்துபோன வண்டிகளை எத்தனையோ தரம் திறந்திருக்கிறேன். ஐந்து நிமிட வேலை, எவரும் செய்வதில்லை.

2020 மார்ச்சில் இறக்குமதியை மறுபடி நிறுத்தினார்கள். 2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. பிறகு கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாக் காட்டுக்குள் நிற்க, நாங்கள் பெற்றோல் செட் வாசலில் இரவிரவாகக் கிடந்தோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்தபோது சின்ன ஜீப்பின் விலை நூறு லட்சத்தைத் தொட்டும் தாண்டியும் நின்றது.

மகளுக்கு நான் சொன்னது இதுதான். ஏ15 என்கிற அந்த மட்டக்களப்பு வீதி இப்போது நல்ல வீதி, நாலு சில்லு இழுவைக்குக் காசு கொட்டாதே. கியர்பெட்டியைத் திறக்கத் தெரிந்த ஆள் திருகோணமலைக்குள் இருக்கிறாரா என்று முதலில் விசாரி. கொழும்பில்தான் திறக்கலாம் என்றால் அந்த வண்டி வேண்டாம். ஜப்பானில் வண்டி ஏலம் போனபோது எழுதிய ஏலத்தாளைக் கேள், அதில் உள்ள காரின் படத்தில் எஸ் என்ற எழுத்து இருந்தால் கறள், சி என்றால் அரித்தது, மேலே ஆர் தரம் போட்டிருந்தால் அடிபட்டுத் திருத்தியது. தாள் இல்லை என்பவரிடம் வாங்காதே.

அவள் இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை இரண்டையும் கராஜுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாங்கப்போனால், கதவைத் திறந்து சீட்டில் இருந்து பார்க்கமுன் வண்டியைக் குழிக்கு மேல் ஏற்றச் சொல்லுங்கள். டோர்ச் லைற்றும் ஒரு ஸ்குரூ டிரைவரும் கொண்டுபோங்கள். அடி புதுக் கறுப்பாகப் பளபளத்தால் இரண்டு தரம் குத்திப் பாருங்கள்.