உறங்கக் கற்ற கருவிகள்

இணையத்தில் செல்லும் செய்திகளுக்கு வழிகாட்டுவது ரௌட்டர் எனப்படும் திசைவி. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு ஆர்ப்பாநெட் தொடங்கியபோது, ஹனிவெல் 516 என்ற ஆளுயரக் கணிப்பொறி இப்பணியை ஏற்றது. செய்தி எந்நேரம் வரினும் ஏற்றனுப்ப வேண்டும் என்பதே அன்றைய கவலை, மின்சிக்கனம் பிற்பட்டது. அதன் பயனாகப் பின்வந்த திசைவிகளும், செய்தி நிறைந்து ஓடினும் ஓடாதிருப்பினும், ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தை உண்டன. ஆளில்லா வீட்டில் விளக்கெரித்தது போன்றதே இது.

2003இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூயெ நகர மாநாட்டில், மாருதி குப்தா, சுரேஷ் சிங் என்னும் இருவர், வேலையற்ற வேளையில் இக்கருவிகளின் பகுதிகளை உறங்க வைக்கலாகாதா என்று வினவினர். உறங்குங்கால் செய்தி வந்தால் அது தொலைந்துபோகாதோ என்னும் அச்சம் இயல்பே. அதற்கு 2010இல் ஐ.இ.இ.இ. கழகம் ஏற்ற ஈதர்நெட் விதி ஒரு விடை தந்தது. கருவிகளுக்கிடையேயுள்ள இணைப்பு, செய்தியில்லாதபோது துயிலும். இடையிடையே சிறு குறிப்பொலியால் தொடர்பைக் காக்கும். செய்தி எழுந்ததும், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் விழிக்கும். அதுவரை அனுப்பும் கருவி செய்தியைத் தன்னிடமே நிறுத்தி வைக்கும்.

பெருந்திசைவிகளில் இக்குறை இன்றும் முற்றிலும் தீரவில்லை. எனினும், காவலைக் கைவிடாமலே சிக்கனம் பேணலாம் என்பது தெளிவாயிற்று.